தரைத்தளப் போர் விமானங்களும் அவசர நிறுத்தற் கொளுக்கியும்

எப்-16 என்னும் போர் விமானத்தின் ஒளிப்படமொன்றைப் பின்புறத்திலிருந்து உற்றுநோக்குவோர், எஞ்சினின் வெளிவாய்க்குக் கீழே, வயிற்றோடு ஒட்டியவாறு ஒரு நீண்ட சட்டமும் அதன் நுனியிலே வளைந்த கொளுக்கியொன்றும் இருப்பதைக் காண்பர். விமானந்தாங்கிக் கப்பல்களில் இறங்கும் விமானங்களுக்கு இத்தகைய கொளுக்கி இன்றியமையாதது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் எப்-16 கப்பலிலே பணிபுரிவதற்கென ஆக்கப்பட்டதன்று. 1974இல் முதன்முதற் பறந்த காலந்தொட்டு அது தரைத்தளங்களையே சார்ந்து வந்துள்ளது. அமெரிக்க விமானப்படையின் எப்-15, எப்-22 ஆகியனவும், ஐரோப்பிய நாடுகளின் ரொர்னாடோ, யூரோபைற்றர் ஆகியனவும் இவ்வாறே கொளுக்கி பூண்டவை. இரண்டரை, மூன்று கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற் ஓடுபாதை தமக்கெனக் கிடக்க, இவை ஏன் கடற்படையின் கருவியைச் சுமந்து திரிகின்றன? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விடை காண்பதற்கு, இறங்கும் விமானத்தின் இயக்கச் சக்தியிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். 12,000 கிலோகிராம் திணிவுடைய போர் விமானமொன்று விநாடிக்கு 70 மீற்றர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடுவதாகக் கொள்வோம். திணிவின் அரைப்பங்கை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் 294 இலட்சம் யூல் என்னும் தொகை கிடைக்கும். 30 பாகை வெப்பநிலையிலுள்ள 100 கிலோகிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றாது. கலியாண வீட்டுக் கிடாரமொன்றின் தண்ணீர்தான். ஆயின் அக்கிடாரம் கொதிப்பதற்கு நெடுநேரம் செல்லும். விமானத்திலோ, காற்றின் தடை ஏற்கும் பங்கு போக எஞ்சிய சக்தி முழுவதையும், சில்லுகளுக்குள் அடங்கிய சிறு பிறேக்குத் தட்டுகள் அரை நிமிடத்துக்குள் வெப்பமாக ஏற்றாகவேண்டும். வேகம் இரட்டிக்குமாயின் இச்சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் இங்கு மனங்கொள்க. பின்னர் இதனை மீண்டும் எடுத்தாள்வோம்.

யாவும் செம்மையாக இயங்கும் நாளில் பிறேக்கும் ஓடுபாதையும் போதும். மழை பெய்து ஓடுபாதையில் நீர்ப்படலம் படிந்துள்ளபோது ரயர் நிலத்தைத் தொடாமல் நீரின் மேல் மிதந்து வழுக்கும். அவ்வேளை பிறேக்கு எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. பனிப்பாறை நாடுகளில் இந்நிலை மாதக்கணக்கிற் தொடரும். ஹைட்ரோலிக் தொகுதியில் எண்ணெய் கசிந்து அழுத்தம் வீழ்ந்தால் பிறேக்கே இல்லை. வாற்பரசூட் உண்டேயெனலாம். அது வேகம் மிக்க வேளையில் மாத்திரமே வலிமையுடையது. வேகம் குறையக் குறைய அதன் இழுவையும் வர்க்க விகிதத்திற் குறைந்துவிடும். அன்றியும் பக்கக் காற்றில் அது விமானத்தைப் பாதையினின்றும் திருப்ப முயலும். இவை யாவற்றினும் கொடியது, புறப்பாட்டின் இறுதிக் கட்டத்தில் எஞ்சின் பழுதுறுவதாகும். எரிபொருளும் குண்டுகளும் நிறைந்த நிலையில் விமானத்தின் திணிவு, இறங்கும்போதுள்ளதிலும் மிகக் கூடியது. முன்னே எஞ்சியிருக்கும் பாதையோ மிகக் குறுகியது. விமானிக்கு அப்போது இரண்டே வழிகள்: விசை ஆசனத்தோடு வெளியே பாய்தல் அல்லது பாதையின் முடிவில் ஏதாவதொன்று தம்மைப் பிடித்து நிறுத்தும் என நம்புதல்.

பிடித்து நிறுத்தும் எண்ணம் விமானக்கலையின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது. 1911 சனவரி 18ஆம் நாள் யூஜின் ஈலி என்னும் அமெரிக்கர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பென்சில்வேனியா என்னும் போர்க்கப்பலின் மேல் அமைத்த பலகைத் தளத்தில் இறங்கினார். தளத்துக்குக் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றின் இரு நுனியிலும் 50 இறாத்தல் மணல் மூட்டை. விமானத்தின் அடியிலே கொளுக்கிகள். நீரில் வீழ்ந்தால் மிதப்பதற்கென ஈலி துவிச்சக்கர வண்டியின் ரியூப்களை உடலிலே சுற்றிக்கொண்டிருந்தாராம். கொளுக்கி ஒவ்வொரு கயிறாகப் பற்ற, இழுபடும் மணல் மூட்டைகளின் உராய்வு கூடிக்கொண்டே சென்று விமானத்தை நிறுத்தியது. அன்றைய மணல் மூட்டைக்கும் இன்றைய பொறிகளுக்கும் தத்துவத்திலே வேற்றுமையில்லை: விமானத்தின் சக்தியை அதனின்றும் பிரித்து, தரையிலுள்ள ஒரு பொருளிடம் ஒப்படைப்பதே நோக்கம்.

தரைத்தளங்கள் இதனைப் பின்பற்றியது, ஜெற் விமானங்கள் பெருகிய 1950களிலாகும். சுழல்விசிறி விமானங்கள் மெதுவாக இறங்கின. ஜெற் விமானங்களோ வேகமாக இறங்கின, ஓடுபாதைகளைத் தாண்டி ஓடின. அமெரிக்க விமானப்படை முதலிற் கைக்கொண்டது கொளுக்கியை அன்று, தடுப்பு வலையையே. எம்ஏ-1ஏ எனப்பட்ட அத்தடுப்பில், பாதைக்குக் குறுக்கே நின்ற நைலோன் பட்டிகளை விமானத்தின் மூக்குச் சில்லு முட்ட, அவை நிலத்திற் கிடந்த உருக்கு வடத்தை மேலே தூக்க, வடம் பிரதான சில்லுகளின் கால்களைப் பற்றும். வடத்தின் இரு முனைகளும் கப்பல்களின் நங்கூரச் சங்கிலிகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். சங்கிலி பாதையோரத்திலே நீட்டிக் கிடக்கும். விமானம் இழுக்கும்போது முதலில் ஒரு வளையம் நகரும், பின் இரண்டு, பின் பத்து. நகரும் வளையங்கள் கூடக் கூடத் தடுக்கும் விசையும் கூடும். திடீர் அதிர்ச்சியின்றி மெல்லத் தொடங்கி வலுத்துச் செல்லும் இவ்வியல்பு, எளிமையிற் பிறந்த நுட்பம் எனலாம். மணல் மூட்டையின் மூத்த தம்பி அது.

ஆயினும் சில்லின் காலைப் பற்றும் முறை, விமானத்தின் உருவத்தையும் வேகத்தையும் பொறுத்தே வெற்றி பெற்றது. வயிற்றின் கீழே எரிபொருட் கலன்களும் குண்டுகளும் தொங்கினால் வடம் அவற்றிற் சிக்கும். வேகம் மாறினால் வடம் எழும் கணமும் சில்லு வரும் கணமும் ஒன்றோடொன்று பொருந்தா. பற்றவேண்டிய இடத்தை விமானமே தன்னோடு கொண்டுவருதல் இதனிலும் உறுதியானதன்றோ? அமெரிக்கக் கடற்படைக்கென ஆக்கப்பட்டு 1958இற் பறந்த பன்ரொம் விமானத்தை விமானப்படையும் 1960களின் தொடக்கத்தில் ஏற்றபோது, கப்பலுக்கென அமைந்த கொளுக்கியைக் கழற்றாமலே ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர் தரைக்கென வரையப்பட்ட அமெரிக்கப் போர் விமானங்களிலும் கொளுக்கி வழமையான உறுப்பாயிற்று.

கடற்கொளுக்கியும் தரைக்கொளுக்கியும் ஒன்றெனக் கருதுவது தவறு. கப்பல் விமானம் ஒவ்வொரு முறையும் கொளுக்கியாலேயே நிறுத்தப்படுகிறது. ஏறத்தாழ 100 மீற்றருக்குள், விநாடிக்கு 60 மீற்றர் வேகம் முழுவதும் ஒழியவேண்டுமாயின் சராசரி அமர்முடுகல் விநாடி வர்க்கத்துக்கு 18 மீற்றராகும்; புவியீர்ப்பு ஆர்முடுகலின் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. உச்ச விசை இதனிலும் கூடியது. இதனைத் தாங்குவதற்கு விமானத்தின் முதுகெலும்பே வேறாக அமையவேண்டும். அதனால் திணிவும் கூடும். தரை விமானத்துக்கு அவ்வவசரமில்லை. ஓடுபாதையில் இடமுண்டு. நாம் எடுத்துக்கொண்ட 12,000 கிலோகிராம் விமானம், 290 மீற்றர் தூரம் வடத்தை இழுத்துச் சென்று நிற்குமாயின், சராசரி அமர்முடுகல் விநாடி வர்க்கத்துக்கு 8.4 மீற்றரே, ஏறத்தாழ எட்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தரைக்கொளுக்கி இலகுவானது. வாழ்நாளிற் சில தடவை, ஒருவேளை ஒரு தடவைதானும் பயன்படாமலே போகக்கூடியது. விமானி ஓர் ஆளியை அழுத்தினால் அது கீழே விழும். பல விமானங்களில் அதனை மீண்டும் மடித்து வைப்பது தரைப் பணியாளரின் வேலை. எப்-22, எப்-35ஏ ஆகியவற்றில் இக்கொளுக்கி மூடியொன்றினுள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளது. ராடரின் கண்ணுக்குத் தென்படாதிருக்கக் கோடிக்கணக்கிற் செலவிட்ட வடிவமைப்பாளரும் இவ்வுருக்குத் துண்டைக் கைவிடத் துணியவில்லை.

இனித் தரையிலுள்ள பாகத்துக்கு வருவோம். கொளுக்கியைப் பற்றியே பேசுவோர் மறந்துவிடும் பாகம் இது. எமது கருத்தில் முதன்மையானதும் இதுவே. தேர்த்திருவிழாவைக் கண்டவர்க்கு வடம் என்பது இழுப்பதற்கான பொருள்; தேரை நிறுத்துவோர் வடம் பிடிப்போரல்லர், சில்லருகே சறுக்குக்கட்டை போடுவோரே. இங்கு வடமே கட்டையின் தொழிலையும் செய்கிறது. ஓடுபாதைக்குக் குறுக்கே கிடக்கும் உருக்கு வடம் ஓரங்குலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய தடிப்புடையது. நிலத்தோடு ஒட்டிக் கிடந்தால் கொளுக்கி அதன் மேலால் வழுக்கிவிடும் என்பதற்காக, இறப்பர் வட்டுகள் சில கோர்க்கப்பட்டுச் சில அங்குலம் உயர்த்தி வைக்கப்படும். பிற்காலத்தில், வேண்டாதபோது வடம் பாதைக்குள் வெட்டிய பள்ளத்தில் அமிழ்ந்து கிடக்கவும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விசையை அழுத்தியதும் எழவும் ஏற்ற அமைப்புகள் வந்தன.

வடத்தின் இரு முனைகளிலும் அகன்ற நைலோன் நாடாக்கள். அவை பாதையின் இருபுறத்திலும் உள்ள சுற்றுருளைகளிலே தம்மேல் தாமே சுற்றப்பட்டவை. விமானம் வடத்தை இழுக்க நாடா கழன்று உருளை சுழலும். உருளையின் சுழற்சியைத் தடுப்பதே பிறேக்கின் வேலை. அமெரிக்க விமானப்படையில் மிகப் பரவலாயிருந்து வரும் பாக்-12 என்னும் அமைப்பில், இதற்கெனப் பயன்பட்டவை பி-52 குண்டுவீச்சு விமானத்தின் சில்லுப் பிறேக்குகளாகும். இந்தோசீன மக்களின் மேல் குண்டு மாரி பொழிந்த விமானத்தின் உறுப்பொன்று, பாதையோரக் குழிக்குள் இருந்து உயிர் காக்கும் தொழிலைச் செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை.

பிரித்தானியர் பெரிதும் விரும்பிய சுழல்நீர் அமைப்பு இதனினும் அழகானது. அங்கு உராய்வுத் தட்டுகளில்லை. உருளையோடு பிணைந்த சிறகுச் சுழலியொன்று, திரவம் நிறைந்த தொட்டிக்குள் சுழலும். திரவத்தின் எதிர்ப்பு சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுமாதலால், வேகமாக வரும் விமானத்துக்கு வலுவான தடையும் மெதுவாக வருவதற்கு மென்மையான தடையும் தாமாகவே அமையும். ஆனால் விமானத்தின் வேகம் குறைந்து செல்லும்போது தடையும் தளர்ந்துவிடாதோ? இங்கேதான் நாடாவைத் தன்மேல் தானே சுற்றியதன் பயன் வெளிப்படுகிறது. தொடக்கத்தில் நாடாச் சுற்றின் ஆரை பெரிது. ஒரு மீற்றர் நாடா கழல உருளை சிறிதே திரும்பும். நாடா தீரத் தீர ஆரை குறுகும். அதே ஒரு மீற்றருக்கு உருளை கூடுதலாகத் திரும்பும். ஆகவே விமானம் மெதுவானாலும் சுழலியின் வேகம் அதே விகிதத்திற் குறைவதில்லை. தடுக்கும் விசை நெடுந்தூரம் ஏறத்தாழ ஒரே சீராக நிலவும். கணிப்பொறியும் வேண்டாம், மின்கட்டுப்பாடும் வேண்டாம். சுருளின் கேத்திரகணிதமே கட்டுப்பாடு.

இவ்வமைப்புக்கும் ஓர் எல்லையுண்டு. கொளுக்கி வடத்தைத் தாக்கும் கணத்தில் வடம் முழுவதும் ஒரே நேரத்தில் அசைவதில்லை. தாக்கிய இடத்தில் ஒரு மடிப்புத் தோன்றி அலையாக இருபுறமும் ஓடும். அவ்விடத்து இழுவை, தாக்கிய வேகத்தையே பொறுத்தது, விமானத்தின் திணிவையன்று. குறித்த வேகத்துக்கு மேல் எந்த விமானம் வந்தாலும் வடம் அறும் அபாயமுண்டு. அறுந்த வடம் சாட்டைபோல் வீசும். அருகில் நிற்போர் தப்புவதரிது.

வடமும் கொளுக்கியும் சந்திப்பது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று போதும். எப்-35 விமானத்தின் கடற்படை வகையைக் கொண்டு 2011இல் நியூஜேர்சியிலுள்ள லேக்ஹேர்ஸ்ற் தளத்திலே தரைவடத்தில் நிகழ்த்திய எட்டுச் சோதனைகளிலும் கொளுக்கி வடத்தைப் பிடிக்கத் தவறியது. பிரதான சில்லுகளுக்கும் கொளுக்கிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ ஏழடியே என்பது காரணம். சில்லு மிதித்து அமுக்கிய வடம் மீண்டும் எழுவதற்குக் கிடைத்த காலம் ஒரு விநாடியின் முப்பதிலொரு பங்களவே. அதற்குள் கொளுக்கி கடந்துவிட்டது. கொளுக்கியின் நுனியையும் அதனைக் கீழே அழுத்திப் பிடிக்கும் பொறியையும் மாற்றியமைத்த பின்னரே, 2014 நவம்பரில் அவ்விமானம் நிமிற்ஸ் கப்பலில் இறங்கியது.

விமானியின் பக்கமிருந்து நோக்கின், வடம் பாதையின் இரு அந்தங்களிலும் வேறு வேறு பொருள் தருகிறது. பழுது வானிலேயே தெரிந்துவிட்டால், அவர் அணுகும் அந்தத்திலுள்ள வடத்துக்குச் சற்று முன்னே நிலத்தைத் தொட்டு, மூக்குச் சில்லைத் தாழ்த்தி, நடுக்கோட்டில் நேராகச் சென்று அதனைப் பற்றுவார். பழுது எதிர்பாராது நேர்ந்தால், எதிர் அந்தத்து வடமே கதி. பற்றிய பின்னர், இழுபட்ட நாடா விமானத்தைச் சிறிது பின்னுக்கு இழுக்கும்; அப்போது பிறேக்கை அழுத்தாது விட்டுவிட வேண்டும் என்பது விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பாடம். பணியாளர் ஓடிவந்து வடத்தை விடுவித்து, நாடாவை மீளச் சுற்றும்வரை ஓடுபாதை மூடப்பட்டிருக்கும். எரிபொருள் குறைந்து வானில் வட்டமிடும் மற்றைய விமானங்களுக்கு இச்சில நிமிடங்கள் சிறியனவல்ல.

வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும் என மேலே கூறினோம். 1983இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தின் மேல் பயிற்சியின்போது எப்-15 விமானமொன்று ஸ்கைஹோக் விமானமொன்றோடு மோதி, வலச் சிறகு முழுவதையும் இழந்தது. விமானி வேகத்தைக் குறைத்தால் விமானம் உருண்டு வீழ்ந்துவிடும் என்பதைக் கண்டு, வழமையிலும் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ராமோன் தளத்தில் இறங்கிக் கொளுக்கியை வீழ்த்தினார். கொளுக்கி வடத்தைப் பற்றியது. பற்றிய வேகத்தில் விமானத்தினின்றும் பிய்ந்து போயிற்று. எனினும் பிய்வதற்கு முன் அது உறிஞ்சிய சக்தி வீண்போகவில்லை. விமானம் பாதையின் முடிவுக்குச் சில மீற்றர் முன்னே நின்றது. நான்கு மடங்கு சக்தியைத் தாங்குமென எவரும் அக்கொளுக்கியை வரைந்திருக்கவில்லை. அது தன்னாலியன்றதைச் செய்து முறிந்தது.

அவசரத்துக்கென வந்தது அன்றாட வழக்கமானதும் உண்டு. 1965 யூன் மாதம் வியட்நாமின் சூலாய் கரையோரத்தில், மணலின் மேல் அலுமினியத் தகடுகளை விரித்து அமெரிக்க மரைன் படை அமைத்த தளத்தில், ஏறத்தாழ 4,000 அடிப் பாதையே ஆயத்தமாயிருந்த நிலையில் ஸ்கைஹோக் விமானங்கள் வடத்தைப் பற்றி இறங்கின. இறங்கிய அன்றே குண்டுவீசவும் புறப்பட்டன. அம்மணல் எவருடையது என்ற வினாவைப் பொறியியல் நூல்கள் எழுப்புவதில்லை. 1982 போரின் பின்னர் போக்லண்ட் தீவுகளின் ஸ்ரான்லியில், ஏறத்தாழ 6,100 அடிக்கு நீட்டப்பட்ட பாதையில் பிரித்தானியப் பன்ரொம் விமானங்கள், அருகில் மாற்றுத் தளம் எதுவுமில்லாமையால், வடத்திலேயே வழமையாக இறங்கின. 1985இல் மவுண்ட் பிளசன்ற் என்னும் புதிய தளம் திறக்கப்படும்வரை நிலைமை இதுவே.

இவற்றினின்றும் ஓர் உண்மை தெளிவாகிறது: வடமில்லாத தளத்தில் கொளுக்கி வெறும் பாரமே. கொளுக்கியுள்ள விமானத்தை வாங்கும் நாடு, வடத்தையும் உருளையையும், அவற்றை நாள்தோறும் பார்வையிட்டுத் தேய்ந்ததை மாற்றும் பணியாளரையும் சேர்த்தே வாங்கவேண்டியதாகிறது. நேச நாடுகள் ஒன்றன் தளத்தில் மற்றொன்றின் விமானம் இறங்குவதற்கெனத் தம்முள் அளவுகளை ஒருப்படுத்திக் கொண்டமை இதனாலேயாம். சோவியத் ஒன்றியத்தின் மிக் போன்ற தரை விமானங்கள் கொளுக்கியின்றி, வாற்பரசூட்டையும் பாதையின் முடிவில் எழுப்பும் வலையையும் சார்ந்திருந்தன. அவ்விமானங்களைப் பெருந்தொகையாகக் கொண்ட இந்தியாவிலும், ஆக்ராவிலுள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடம் நைலோன் வலைத் தடுப்புகளை உள்நாட்டிலேயே ஆக்கியது. சுவீடன் தன் விக்கன் விமானத்தில் எஞ்சினின் உந்தலையே முன்னோக்கித் திருப்பும் வழியைக் கையாண்டு, நெடுஞ்சாலைகளில் இறங்கும் ஆற்றலைப் பெற்றது. வலைக்கு விமானத்தில் எவ்வுறுப்பும் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. விமானத்தின் மூக்கையும் சிறகின் விளிம்பையும் அது சிதைத்துவிடும் என்பது அதன் குறை. விமானத்தைக் காக்க வடம், விமானியைக் காக்க வலை என ஒருவாறு கூறலாம்.

பயணிகள் விமானங்களுக்கு இதனை ஏன் செய்யவில்லை என்று வாசகர் வினவக்கூடும். கொளுக்கியைப் பொருத்தவரை விடை எளிது: பன்மடங்கு திணிவுடைய அவ்விமானங்களின் உடல், வாலடியில் ஒரு புள்ளியில் இழுக்கப்படுவதைத் தாங்குமாறு அமைந்ததன்று. ஆனால் தரையிலுள்ள பொருளிடம் சக்தியை ஒப்படைத்தல் என்ற தத்துவத்துக்குக் கொளுக்கி கட்டாயமன்று. பாதையின் முடிவில், சில்லு புதைந்து நொருக்கிச் செல்லத்தக்க மென்பொருளைப் பரப்பி விமானத்தை நிறுத்தும் வழியைப் பிரித்தானிய ஆய்வாளர் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஆராய்ந்து எழுதினர். அக்காலத்தில் படைத்துறை ஓடுபாதைகளிலே வடங்கள் ஏற்கெனவே வழமையாகிவிட்டிருந்தன. நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1984 பெப்ரவரியில் டிசி-10 பயணிகள் விமானமொன்று பாதையைத் தாண்டி ஓடி நீருள் இறங்கியது. நொருங்கும் கொங்கிறீற் படுக்கை அங்கு இடப்பட்டது 1996இலேயே. இடைப்பட்ட தாமதத்துக்குத் தொழினுட்பக் காரணங்கள் இருந்தனவென்பதை மறுக்கவில்லை. எனினும் போர் விமானத்தின் விலையும் விமானியின் பயிற்சிக்கான செலவும் அரசின் ஏட்டிற் கணக்கிடப்பட்டிருந்தன. பயணியின் உயிரை எந்த ஏட்டில் எழுதுவது என்பதில் விமான நிறுவனத்துக்கும் நிலையத்துக்கும் அரசுக்கும் தெளிவிருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அப்படுக்கை இடப்பட்டு மூன்றாண்டுகளின் பின், 1999 மே மாதத்தில், சாப் 340 என்னும் சிறு பயணிகள் விமானமொன்று வேகம் மிகுந்து இறங்கிப் பாதையைத் தாண்டியது. சில்லுகள் கொங்கிறீற்றுக்குள் புதைய, நீரை அடையுமுன்னரே அது நின்றது. அதிலிருந்தோர் அனைவரும் உயிர் தப்பினர். 2003இல் சரக்கு விமானமொன்றும், 2005இல் போயிங் 747 ஒன்றும் அதே நிலையத்தில் அவ்வாறே நிறுத்தப்பட்டன.